பற்றுச்சீட்டு இல்லாத கதவு

கொழும்பு
08.03.2004

நாகலெட்சுமிக்கு,

உமது விளக்கக் கடிதம் கிடைத்தது. ஒன்றரைப் பக்கத்தில் ‘எனக்குத் தெரியாது’ என்ற வசனம் ஒன்பது தரம் வருகிறது. இதை விளக்கம் என்று சொல்லி நிர்வாகக் குழுவின் முன் வைக்க எனக்கே வெட்கமாக இருந்தது. ஆகவே உமது வேலை இடைநிறுத்தம் தொடரும்.

உமக்கு விளங்குகிற மாதிரி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆவண நிலையத்தின் வேலை, தேயிலைத் தோட்டங்களில் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் இல்லாத சனங்களுக்கு அவற்றை எடுத்துக் கொடுப்பது. ஹட்டன் கிளையில் ஆயிரத்து நூற்று நாற்பது பேரின் விபரத்தைக் கணினியில் பதிந்தவர் நீர். யாருடைய பெயர் என்ன, எந்தத் தோட்டத்து லயத்தில் எத்தனையாவது வீடு, எந்தப் பத்திரம் இல்லை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அந்தப் பட்டியல் முழுவதும் ஜனவரியில் ஒரு புரோக்கரின் கைக்குப் போயிருக்கிறது. உமது சொந்தத் தோட்டத்திலேயே பதினேழு பெண்களிடம் இருந்த பழைய பத்திரங்களை அவன் வாங்கிக்கொண்டு மறைந்துவிட்டான்.

பட்டியலை இன்டர்நெட்டில் திறக்கக் கடவுச்சொல் வேண்டும். அது தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் நான். மற்றவர் நீர்.

வெளியில் இருந்து யாராவது புகுந்திருக்கலாம் என்று எழுதியிருந்தீர். அதையும் விட்டுவைக்கவில்லை. மென்பொருட்களில் இருக்கிற பாதுகாப்புக் குறைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் கருவிகளை ஐந்து கிழமை ஆராய்ந்து, அவற்றில் சிறந்த ஒன்றை வாங்கி, எங்கள் முழு அமைப்பையும் சோதித்தேன். பதினான்கு இடத்தில் பார்த்தது. பதினான்கும் பச்சை. ஒரு குறையும் இல்லை. கதவு உடையவில்லை என்றால் திறப்பு வைத்திருந்தவர்தான் திறந்திருக்க வேண்டும். இதற்கு டிப்ளோமா தேவையில்லை. உமது ஆறு மாதப் பயிற்சியே போதும்.

இரண்டு கிழமைக்குள் உண்மையை எழுதும். பொலிசுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள முயற்சிப்பேன்.

த. குகநேசன்
தகவல் முறைமைப் பொறுப்பாளர்


சம்பகவத்தைத் தோட்டம்
நோர்வூட்
19.03.2004

மதிப்புக்குரிய குகநேசன் சேருக்கு,

ஒன்பது தரம் ‘தெரியாது’ என்று எழுதினேன் என்றால், நீங்கள் கேட்டது ஒன்பது கேள்வி. எண்ணிப் பாருங்கள்.

முதலில், இதைத் தபாலில் ஏன் அனுப்புகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என் ஈமெயிலை நீங்கள்தான் பூட்டினீர்கள். பூட்டாவிட்டாலும் உங்கள் ஈமெயிலை விட நோர்வூட் தபால்காரரின் பையில் எனக்கு நம்பிக்கை அதிகம். அதில் போடுகிற கடிதத்தைப் புரோக்கர் வாசிப்பதில்லை.

இங்கே நடந்தது என்னவென்று கொழும்பில் ஒருவருமே கேட்கவில்லை. அதனால் கேட்காமலே எழுதுகிறேன். ஜனவரி கடைசியில் அந்த ஆள் கையில் ஒரு ஃபைலோடு லயத்துக்கு வந்தான். வீடு வீடாக விசாரிக்கவில்லை. நேராக ஏழாம் லயத்து ஆறாவது காம்பரா வாசலில் நின்று, “ராக்காயிங்கிறது நீங்கதானே? ஒங்களுக்கு அப்பா பேரு தப்பா விழுந்திருக்கு, அதான் ஐடென்டி கார்டு வரல” என்றான். அந்தத் தப்பு ராக்காயி அக்காவுக்கும் எனக்கும்தான் தெரியும். பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே ‘பதிந்தவர்: நாகலெட்சுமி’ என்று வருகிறதே, அந்த வரி யாருடைய யோசனை என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதையும் அவன் வாசித்துக் காட்டினான். “நாகலெட்சுமி மிஸ்தான் அனுப்புனாங்க. பழைய பத்திரத்தக் குடுங்க, சரி பண்ணித் தர்றேன்” என்றான். என் பெயரைக் கேட்டதும் பதினேழு பேரும் தகரப் பெட்டியைத் திறந்து, ஐம்பது வருடமாக வைத்திருந்த ஒரே பத்திரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

என் அம்மா மீனம்மா கொழுந்து பறிக்கிறவர். இப்போது கொழுந்து நிறுக்க நிறுவைக்குப் போனால் அவருக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு ஆள் அளவு இடம் விட்டுத்தான் மற்றப் பெண்கள் நிற்கிறார்கள். அம்மா ஒருநாள் சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டார்: “ஏ புள்ள, சாமி மேல சத்தியமா சொல்லு. யாருக்காச்சும் எழுதிக் குடுத்தியா?” பெற்றவளே கேட்ட பிறகு உங்கள் நிர்வாகக் குழு கேட்பதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை.

வேலை போனால் போகட்டும். இந்த லயத்தில் நான் திருடி என்ற பெயரோடு வாழ முடியாது. அதனால் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். பதினான்கு இடத்தில் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பதினான்கும் எவை?

சி. நாகலெட்சுமி


கொழும்பு
30.03.2004

நாகலெட்சுமிக்கு,

உமது கடிதத்தின் தொனி சரியில்லை. அதை விடுகிறேன். படித்தவர்கள் எப்படித் தீர்மானம் எடுக்கிறார்கள் என்று நீர் அறிவது நல்லது என்பதால் எழுதுகிறேன்.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. உலகப் பொதுப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில் என்ன குறை கண்டுபிடிக்கப்பட்டது என்று, வருடத்தோடு ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் போட்டு இன்டர்நெட்டில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் பதிவுகள். மனிதர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். வேலையில்லாதவர்களுக்கு ஏற்றது. அடுத்தது, வெளிநாட்டுப் பொடியன்கள் சிலர் கூடி எழுதிய ஒரு சோதனைக் கருவி. அதுவும் சும்மா தருகிறார்கள். சும்மா கிடைப்பதற்கு யார் பொறுப்புச் சொல்வது? பிழை வந்தால் யாருக்குக் கடிதம் போடுவது?

நான் தெரிவுசெய்தது சிங்கப்பூரில் இருந்து வரும் கருவி. முறையான உத்தரவாதம் உண்டு. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் குறைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீடியில் அடித்துத் தபாலில் அனுப்புவார்கள். நாங்கள் செய்ய வேண்டியது எங்களிடம் என்னென்ன மென்பொருள் இருக்கிறது என்று கொடுப்பது மட்டும்தான். பொருட் பதிவேட்டில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். கொடுத்ததைச் சோதித்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறத்தில் அறிக்கை அடித்துத் தருகிறது. நோர்வேயில் இருந்து வந்த நன்கொடையாளர்கள் அந்த அறிக்கையை மேசையில் வைத்துப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அதன் இரண்டு பக்கப் பிரதியை இத்துடன் வைக்கிறேன். வாசிக்க முடிந்தால் வாசியும். முடியாவிட்டால் நிறத்தையாவது பாரும்.

த. குகநேசன்


நோர்வூட்
18.04.2004

மதிப்புக்குரிய குகநேசன் சேருக்கு,

வருடப் பிறப்புக்குத் தபால் ஓடவில்லை. அதனால் தாமதம்.

நிறம் பார்த்தேன். நல்ல பச்சை. பிறகு எழுத்தையும் பார்த்தேன்.

பொதுப் பட்டியல் வேலையில்லாதவர்களுக்கு ஏற்றது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள்தானே என்னை வேலையில்லாமல் வைத்திருக்கிறீர்கள், நேரத்துக்கு என்ன குறை! பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய், மார்க்கெட் பக்கத்துக் கொம்யூனிகேஷன் கடையில் இன்டர்நெட்டுக்குக் காசு கட்டி இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்தேன். உங்கள் பதினான்கில் நான்காவதாக வைரஸ் பிடிக்கிற மென்பொருள் இருக்கிறதே, அதன் பெயரையும் பதிப்பையும் பொதுப் பட்டியலில் போட்டுத் தேடினேன். பெப்ரவரியில் மட்டும் இரண்டு குறை வெளியாகியிருக்கிறது. உங்கள் அறிக்கை மார்ச் முதலாம் திகதி அடித்தது. அதில் நான்காவது பச்சை. ஏனென்றால் உங்களிடம் இருக்கிற சீடி டிசம்பரில் அடித்தது என்று அறிக்கையிலேயே இருக்கிறது. மூன்று மாதம் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிற காவல்காரனை, அவன் போட்டிருக்கிற யூனிஃபோமுக்காக வேலைக்கு எடுத்திருக்கிறீர்கள்.

அதுகூடப் பரவாயில்லை. பதினான்கையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். பட்டியலைக் கொழும்பில் இருந்து பார்ப்பதற்கு ஒரு இணையப் பக்கம் இருக்கிறதே, நானும் நீங்களும் கடவுச்சொல் அடித்து உள்ளே போகிற பக்கம், அதை ஓட்டுகிற மென்பொருள் எங்கே? பதினான்கில் அது இல்லை. கதவைத் தவிர வீடு முழுவதையும் சோதித்துவிட்டு, கதவு பத்திரமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். நம்முடைய நிலையத்தில் பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் அந்தப் பொருளே இல்லை. ஹட்டன் கிளையில் நான் எங்கள் காம்பராவில் இருந்து தூக்கி வந்து போட்ட கதிரை ஒன்று இருக்கிறது. பற்றுச்சீட்டு இல்லாததால் பதிவேட்டில் எழுத முடியாது. பதிவேட்டில் இல்லாத பொருள் அலுவலகத்தில் இருக்கவும் கூடாது. அதனால் கணக்காய்வாளர் வருகிற நாளில் அதைக் கக்கூசுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு நின்றுகொண்டே டைப் அடிப்பேன். அந்தப் பக்கத்து மென்பொருளை நீங்கள் காசு கொடுத்து வாங்கவில்லை, இன்டர்நெட்டில் சும்மா எடுத்தீர்கள். பற்றுச்சீட்டு இல்லை, பதிவேட்டில் இல்லை, அதனால் உங்கள் கருவியின் கண்ணிலும் இல்லை.

எங்கள் தோட்டத்தில் தொரையின் ஜீப் போகிற ரோட்டோரத் தேயிலையை மட்டும் ஒழுங்காகக் கவ்வாத்து வெட்டி வைப்பார்கள். உள்ளே மலையில் காடு மண்டிக் கிடக்கும். தொரை பார்த்துவிட்டு ‘குட்’ என்று சொல்லிப் போவார். உங்கள் அறிக்கையும் அந்த ரகம்தான்.

கருவி வாங்க ஐந்து கிழமை யோசித்தீர்கள். அது எதைத் தேடும், எத்தனை நாளைக்கு ஒருமுறை புதுசாகும், அது சொல்வதை இன்னொன்றோடு வைத்துச் சரிபார்க்க முடியுமா என்று ஐந்து நிமிடம் யோசித்திருக்கலாம். அந்தப் பக்கத்து மென்பொருளின் பெயரும் பதிப்பும் என்ன? எழுதி அனுப்புங்கள்.

சி. நாகலெட்சுமி


கொழும்பு
26.04.2004

நாகலெட்சுமிக்கு,

இடைநிறுத்தப்பட்ட ஓர் ஊழியர் நிலையத்தின் மென்பொருட்களைப் பற்றிக் கொம்யூனிகேஷன் கடையில் உட்கார்ந்து தேடுவது எவ்வளவு பாரதூரமான குற்றம் என்று உமக்குத் தெரியுமா? பெயரும் பதிப்பும் பாதுகாப்பு விபரங்கள். தர முடியாது.

அந்தப் பக்கத்தை 2001இல் அமைத்தவன் நான். என் கையால் அமைத்தேன். மூன்று வருடமாக ஒருதரம் கை வைக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நாள்கூட நின்றதில்லை. அதில் குறை இருக்கும் என்று லயத்தில் இருந்து ஒருவர் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

கணக்காய்வு நாளில் கதிரையை ஒளித்து வைத்ததாக நீரே எழுத்தில் ஒப்புக்கொண்டதையும் கோப்பில் சேர்த்திருக்கிறேன்.

இனி என்னிடம் இருந்து பதிலை எதிர்பார்க்க வேண்டாம்.

த. குகநேசன்


நோர்வூட்
09.05.2004

குகநேசன் சேருக்கு,

கோபப்படுவதற்கு முன் எழுந்து போய் அந்தப் பக்கத்தை மூடுங்கள். மூடிவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். ராக்காயி அக்கா வந்து ஒரு தாளைக் கசக்கி என் முகத்தில் எறிந்தார். “இந்தா, ஒங் கடுதாசி. இத வச்சிக்கிட்டு இருக்கவே எனக்கு அருவருப்பா இருக்கு” என்றார். புரோக்கர் தன் டெலிபோன் நம்பரை எழுதிக் கொடுத்த தாள். கையில் இருந்த பட்டியலில் ஒரு பக்கத்தைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறான். அச்சில் என் பெயர் இருந்ததால் அது நான் கொடுத்த தாள் என்று நினைத்து, எனக்கு எதிராகக் காட்டுவதற்கு அக்கா மூன்று மாதம் பெட்டியில் வைத்திருந்தார். மொத்தப் பீலிக்கரையும் பார்த்துக்கொண்டு நின்றது. ஒருத்தி காறித் துப்பினாள். நான் தாளைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அழுதேன். அழுது முடித்த பிறகுதான் விரித்துப் பார்த்தேன்.

இன்டர்நெட்டில் இருக்கிற பக்கத்தை அச்சடித்தால் தாளின் அடியில் சின்ன எழுத்தில் அந்தப் பக்கத்தின் முகவரியும் நாளும் நேரமும் விழும். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், உங்களுக்கு நிறம் போதும். இந்தத் தாளின் அடியில் இருப்பது நம் நிலையத்துப் பக்கத்தின் முகவரி. நாள், ஜனவரி பதினைந்து. தைப்பொங்கல். நேரம் காலை பத்தே முக்கால். அந்த நேரம் நான் கோயில் வாசலில் பொங்கல் பானைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். பீலிக்கரையில் காறித் துப்பியவளும் பக்கத்து அடுப்பில்தான் இருந்தாள்.

அதை விடுங்கள். நாளையும் நேரத்தையும் வைத்து நீங்கள் எப்படியும் வாதாடுவீர்கள். முகவரியின் வாலைப் பாருங்கள். நாம் உள்ளே போகும்போது வருகிற முகவரி இதைவிடக் கட்டை. இதில் கடைசியில் ஒரு சொல் கூடுதலாக இருக்கிறது. தாளின் மேல் மூலையில் அந்த மென்பொருளின் பெயரும் பதிப்பும் விழுந்திருக்கிறது. நீங்கள் பாதுகாப்பு விபரம் என்று எனக்குத் தர மறுத்ததை, உங்கள் பக்கமே புரோக்கருக்கு அச்சடித்துக் கொடுத்திருக்கிறது.

அந்தப் பெயரைப் பொதுப் பட்டியலில் போட்டேன். பத்து நிமிடம் போகவில்லை. 2002 செப்டம்பரில் வெளியான குறை. இந்தப் பதிப்பில், முகவரியின் கடைசியில் இன்ன சொல்லைச் சேர்த்தால் கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விடும் என்று எழுதியிருக்கிறது. அந்தச் சொல்தான் ராக்காயி அக்காவின் தாளிலும் இருக்கிறது. திருத்திய பதிப்பு அதே மாதம் வந்துவிட்டது. விலை இல்லை. கை வைக்கவில்லை, கை வைக்கவில்லை என்று பெருமையாக எழுதினீர்களே, அதுதான் நீங்கள் செய்தது.

உங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை நான் அடித்துப் பார்க்கவில்லை. அடித்தால் அதையே குற்றமாக எழுதுவீர்கள். நீங்களே அடித்துப் பாருங்கள். பொதுப் பட்டியலின் பதிவையும் ராக்காயி அக்காவின் தாளையும் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அசல் என்னிடம் இருக்கும்.

எனக்கு வேலை வேண்டாம். சம்பளப் பாக்கி வேண்டாம். இந்தத் தோட்டத்துக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும். காலையில் வேலை பிரிக்க எல்லோரும் கூடுகிற பெரட்டுக் களத்தில் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். பதினைந்து நாள் தருகிறேன். வராவிட்டால் இரண்டு பிரதியும் நோர்வேக்குப் போகும். படம் பிடித்துக்கொண்டு போனவர்களுக்கு இதையும் படம் பிடிக்க ஆசையாக இருக்கும்.

நாகலெட்சுமி


கொழும்பு
24.05.2004

நாகலெட்சுமிக்கு,

பக்கம் மூடப்பட்டுள்ளது.

உமது கடிதம் நிர்வாகக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. நிலையத்தின் நற்பெயரைக் கருதி விடயத்தைச் சுமுகமாக முடிக்க விரும்புகிறார்கள். உமது இடைநிறுத்தம் ரத்தாகிறது. ஜூன் முதலாம் திகதி தொடக்கம் ‘பாதுகாப்பு உதவியாளர்’ என்ற புதிய பதவியில் சேரலாம். கருவிகளைத் தெரிவுசெய்யும் குழுவிலும் உமக்கு ஓர் இடம் தரச் சொல்லியிருக்கிறேன். இதற்காக நான் எவ்வளவு பேச வேண்டியிருந்தது என்பது உமக்குத் தெரியாது.

நீர் கேட்ட கடிதமும் இத்துடன் வருகிறது. ‘எதிர்பாராத தொழில்நுட்பக் காரணங்களால் சில தகவல்கள் மூன்றாம் தரப்பினரைச் சென்றடைந்திருக்கக்கூடும் எனத் தெரியவருகிறது. இதனால் ஏற்பட்ட அசௌகரியங்களுக்கு வருந்துகிறோம்’ என்று குழு அங்கீகரித்த வாசகம். இதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்க முடியாது.

த. குகநேசன்


நோர்வூட்
02.06.2004

குகநேசன் சேருக்கு,

உங்கள் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். பெரட்டில் வாசிப்பதற்கு முன் வீட்டில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, “இதுல ஒரு ஆளும் இல்லையே. தானா நடந்துச்சாமா?” என்றார்.

அம்மா பள்ளிக்கூடம் போனது இரண்டு வருடம். உங்கள் குழுவில் நான்கு பட்டதாரிகள் இருக்கிறீர்கள்.

கருவிகளைத் தெரிவுசெய்யும் குழுவில் நான் இருக்க வேண்டியதில்லை. எந்தக் கருவியை வாங்கினாலும், அதற்கு முன்னால் உட்காருகிறவருக்குத் தன் தப்பைப் பார்க்கிற மனம் இல்லாவிட்டால் அது பச்சையைத்தான் காட்டும்.

ஒரு ஆள் உள்ள கடிதமாக எழுதி அனுப்புங்கள். ஜூன் கடைசி வரை பார்ப்பேன்.

நாகலெட்சுமி


கொழும்பு
20.06.2004

சம்பகவத்தைத் தோட்டத்துச் சனங்களுக்கு,

என் பெயர் குகநேசன். யாழ்ப்பாணத்தான். ஆவண நிலையத்தின் கொழும்புக் காரியாலயத்தில் கணினிகளுக்குப் பொறுப்பானவன். இந்தக் கடிதத்தைக் குழுவுக்குக் காட்டாமல் எழுதுகிறேன்.

உங்கள் பெயர்களை நாகலெட்சுமி யாருக்கும் கொடுக்கவில்லை. விற்கவும் இல்லை. உங்கள் பட்டியலுக்குக் கதவு போட்டவன் நான். அந்தக் கதவு பிழையானது என்று உலகம் முழுவதும் தெரிய எழுதி வைத்திருந்தார்கள். நான் வாசிக்கவில்லை. பதினாறு மாதம் அது திறந்தே கிடந்தது. யாரும் நுழையலாம் என்ற நிலையில் யாரோ நுழைந்தார்கள். பிறகு பெரிய விலை கொடுத்து ஒரு கருவியை வாங்கி, அந்தக் கதவைத் தவிர எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, பழியை அவர் மேல் போட்டேன். அவர் லயத்துப் பிள்ளை என்பதால் போடுவது இலேசாக இருந்தது. அவருக்கு என்னைவிட நன்றாக இந்த வேலை தெரியும் என்பதை ஏப்ரல் மாதமே விளங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகும் இரண்டு மாதம் பேசாமல் இருந்தேன்.

பட்டியலில் பெயர் இருப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதது இல்லை. 1996இல் கொழும்பில் நான் தங்கியிருந்த லொட்ஜில், அங்கிருந்த தமிழ் ஆட்களின் பெயரை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார்கள். ஒருநாள் காலை பொலிசார் வந்து அந்தக் கொப்பியைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டு எங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினொரு நாள் உள்ளே இருந்தேன். நான் செய்த குற்றம், என் பெயர் அதில் இருந்ததுதான். அதற்குப் பிறகும் உங்கள் ஆயிரத்து நூற்று நாற்பது பெயரை இப்படி வைத்திருந்தேன்.

நாகலெட்சுமி, நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. நாகலெட்சுமியோடு எல்லோரும் பழையபடி பேச வேண்டும் என்று மட்டும் தோட்டத்து ஆட்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தம்பிராசா குகநேசன்


நோர்வூட்
04.07.2004

குகநேசன் சேருக்கு,

கடிதம் கிடைத்தது. வேலை பிரிக்கிற கணக்கப்பிள்ளை அதைப் பெரட்டில் வாசிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். தோட்டத்துச் சங்கத் தலைவர் சிவசாமி அண்ணன் கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாங்கி வாசித்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒருவரும் கலையவில்லை. உங்கள் எழுத்து சில இடத்தில் அவருக்குப் புரியாமல் நின்றபோது நான் சொல்லிக் கொடுத்தேன். என்னைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாகவே வாசித்தார்.

அன்று மத்தியான நிறுவையில் அம்மாவுக்கு முன்னாலும் பின்னாலும் ஆள் நின்றார்கள். அம்மா வீட்டுக்கு வந்து கூடையை இறக்கினார். எனக்கு முதலில் சோறு போட்டார். துப்பியவள் பீலியில் என் குடத்தைத் தூக்கிவிட்டாள். நன்றி சொல்லாமல் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

நிலையத்தில் எனக்கு வேலை வேண்டாம் என்பதைக் குழுவுக்குச் சொல்லிவிடுங்கள். பத்திரம் இழந்த பதினேழு பேரையும் கூட்டிக்கொண்டு நுவரெலியாப் பதிவுக் காரியாலயத்துக்கு இரண்டு தரம் போய்விட்டோம். அசலைக் கொண்டு வா என்கிறார்கள். அசல் புரோக்கரிடம் இருக்கிறது. புரோக்கர் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. தோட்டத்து ஆஸ்பத்திரியின் பழைய பிரசவப் பதிவேட்டில் ஆறு பேரின் பெயரைத் தேடிப் பிடித்திருக்கிறேன். மற்றப் பதினொரு பேர் எங்கே பிறந்தார்கள் என்பதற்கு இப்போது உலகத்தில் ஒரு சாட்சியும் இல்லை. ராக்காயி அக்கா அந்தப் பதினொரு பேரில் ஒருவர்.

பெரட்டு முடிந்து எல்லோரும் மலைக்குப் போன பிறகு அவர் மட்டும் நின்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் நிற்கிறார் என்று நினைத்தேன். அவர் அந்த லொட்ஜ் விஷயத்தைத் திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே கேட்டார்:

“தெரியாத ஆளு செஞ்சா அது தப்பு புள்ள. இந்த ஐயா பட்டுத் தெரிஞ்சவருல்ல? தெரிஞ்ச ஆளு செஞ்சா அதுக்கு என்னா பேரு?”

எனக்குத் தெரியவில்லை என்றேன். உங்களிடம் கேட்டு எழுதச் சொல்லிவிட்டு மலைக்குப் போனார்.

நாகலெட்சுமி